மாணவர்கள் மர வீடு கட்டி உடைத்துப் பார்க்க நினைத்தால், எதை உடைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நீங்கள் கட்டுமானப் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள், ஒரே ஒரு செமஸ்டர், ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது, பெரிய சோதனை இயந்திரம் கிடையாது. பால்சா என்ற மிக லேசான மரத்தின் குச்சியில் பாலம் ஒட்டி உடைக்கும் பழைய போட்டி அலுத்துப்போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன மர வீட்டை மாணவர்களே வடிவமைத்து, கட்டி, சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும். எந்த அளவில் கட்டுவது, என்னென்ன சோதனை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், ‘சோதனையில் தாங்கிவிட்டால் அதற்குள் ஆட்களை விடலாமா?’ என்றும் ஒரு வரி இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதில் தெளிவு வந்துவிட்டால், அளவும் சோதனை வகையும் தானாக முடிவாகிவிடும்.

நான் மரக் கட்டமைப்புச் சோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை செய்தவன், மாணவர் குழுக்களோடும் நிறைய உடைத்திருக்கிறேன். வீட்டின் அழகு, இட அமைப்பு பற்றியெல்லாம் நான் பேசினால் அதற்கு மதிப்பில்லை, அதை விட்டுவிடுகிறேன். கட்டமைப்பு பற்றி என் கருத்து இதுதான்: வீட்டைச் சிறியதாக்கி உடைக்காதீர்கள். வீட்டின் உறுப்புகளை, ஓர் உத்திரம், ஓர் இணைப்பு, ஒரு சுவர் என்று, நிஜ அளவிலேயே உடையுங்கள். பிறகு அதே உறுப்புகளை வைத்து வீட்டைக் கட்டுங்கள், அதை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் மாணவர்கள் தங்கள் கணிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

சிறிய மாதிரி ஏன் வேண்டாம் என்கிறேன்? பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால், அதன் சொந்த எடையால் வரும் தகைவும் (ஓர் அலகுப் பரப்பில் வரும் உள்விசை) பத்தில் ஒரு பங்காகிவிடும். நிஜக் கூரையை வருத்தும் விஷயம் மாதிரியில் காணாமலே போய்விடும். அடுத்தது, சிறிய துண்டில் கணுவும் வெடிப்பும் இருக்காது. பொறுக்கி எடுத்த குச்சியின் வலிமை நிஜச் சட்டத்தின் வலிமையைவிட எப்போதும் நன்றாகவே வரும். பெரிய துண்டில் பலவீனமான ஓர் இடம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் காரணம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாதிரியில் இணைப்புகளைப் பசையால் ஒட்டுகிறோம். நிஜ மர வீட்டில் இணைப்பு ஆணியாலும் திருகாணியாலும் போல்ட்டாலும் ஆனது, பெரும்பாலான சேதம் அங்கேதான் தொடங்குகிறது. ஆக, மாதிரி எதைத் தவிர்த்துவிடுகிறதோ அதுதான் கற்க வேண்டிய பாடம். இதற்காகப் பால்சாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வுக் கழகம் இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் போட்டியில் பால்சா கோபுரத்தைத்தான் அதிர்வு மேசையில் வைத்து ஆட்டுகிறார்கள். அங்கே கேள்வி அதிர்வைப் பற்றியது, மரத்தைப் பற்றியது அல்ல. அதனால் அது பொருந்துகிறது.

உத்திரத்திலிருந்து தொடங்கலாம். இயந்திரம் இல்லையே என்று நீங்கள் தயங்குவது இங்கே தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரமுள்ள ஊசியிலை மரச் சட்டம், 1.8 மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல். வளைவு வலிமை 40 மெகாபாஸ்கல் என்று வைத்தால், அது முறியும் சுமை சுமார் 11 கிலோநியூட்டன். ஒரு டன்னுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உறுதியான இரும்புச் சட்டகம் ஒன்று, ஹைட்ராலிக் ஜாக் ஒன்று, சுமையை அளக்கும் லோடு செல் ஒன்று இருந்தால் போதும். சுமையை நடுவில் ஒரே புள்ளியில் கொடுக்காமல், நீளத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு புள்ளிகளில் கொடுங்கள். அப்போது நடு மூன்றில் ஒரு பங்கு முழுவதும் வளைவுத் திருப்புத்திறன் (உத்திரத்தை வளைக்கும் விளைவு) ஒரே அளவாக இருக்கும், அந்தப் பகுதியில் எது பலவீனமான இடமோ அது தானே தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியில் அழுத்தினால் உடையும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஐரோப்பியச் சோதனைத் தரமான ஈஎன் 408 சொல்வதும் இந்த அமைப்புதான்: உயரத்தைப்போல் 18 மடங்கு இடைவெளி, சுமைப் புள்ளிகளுக்கு நடுவே 6 மடங்கு, சுமார் 5 நிமிடத்தில் முறியும் வேகம்.

தொய்வை அளப்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஜாக் எவ்வளவு நகர்ந்தது என்பது உத்திரத்தின் தொய்வு அல்ல. தாங்கியின் மேல் மரம் நசுங்கும், இரும்புச் சட்டகமும் கொஞ்சம் வளையும், எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்து சேர்ந்துகொள்ளும். உத்திரத்தின் பாதி உயரத்தில், தாங்கிகளுக்கு நேர் மேலே இரண்டு ஆணி அடித்து, அவற்றின் மேல் ஒரு மெல்லிய அலுமினியப் பட்டையைச் சுமையில்லாமல் உட்காரவைத்து, அந்தப் பட்டையிலிருந்து நடுப்புள்ளி எவ்வளவு இறங்கியது என்று டயல் கேஜில் படியுங்கள். மேலே சொன்ன சட்டத்துக்கு யங் குணகம் (மரத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) 11 கிகாபாஸ்கல் என்றால், 2 கிலோநியூட்டனில் நடுவில் சுமார் 4.5 மில்லிமீட்டர் தொய்வு வர வேண்டும். கொஞ்சம் கூடுதலாகவே வரும். காரணம் ஷியர், அதாவது உத்திரத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கப் பார்ப்பது. எஃகில் நாம் கண்டுகொள்ளாத இந்த ஷியர் தொய்வு மரத்தில் கணக்கில் வரும், ஏனென்றால் மரத்தின் ஷியர் குணகம் யங் குணகத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான். இடைவெளி உயரத்தைப்போல் 18 மடங்காக இருந்தால் சுமார் 5 சதவீதம் கூடும். அதையே 10 மடங்காகக் குறைத்தால் 15 சதவீதம். இரண்டு இடைவெளிகளிலும் அளந்து இந்த வித்தியாசத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன விஷயம் கையில் எண்ணாக வந்து நிற்கும்.

உடைப்பதற்கு முன்னால் இன்னொரு சோதனை, கிட்டத்தட்டச் செலவே இல்லாதது. சட்டத்தை நடுவில் ஒரு பஞ்சுத் துண்டின் மேல் தாங்கவைத்து, ஒரு முனையைச் சுத்தியலால் நீளவாக்கில் தட்டுங்கள். மறுமுனையில் ஒலியைப் பதிவுசெய்து அதிர்வெண் காட்டும் ஏதாவது கைபேசிச் செயலியை வையுங்கள். முதல் உச்சம் எந்த அதிர்வெண்ணில் வருகிறதோ அதிலிருந்து யங் குணகம் கிடைத்துவிடும்: நீளத்தின் இருபடி, அதிர்வெண்ணின் இருபடி, அடர்த்தி மூன்றையும் பெருக்கி, 4 ஆல் பெருக்க வேண்டும். 2 மீட்டர் சட்டம், அடர்த்தி கன மீட்டருக்கு 450 கிலோ, உச்சம் 1240 ஹெர்ட்ஸ் என்றால் விடை 11 கிகாபாஸ்கல். மர ஆலைகளில் தரம் பிரிக்கும் சில இயந்திரங்கள் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. எல்லாச் சட்டங்களையும் தட்டி வரிசைப்படுத்திவிட்டு, ‘எது முதலில் உடையும்?’ என்று கேளுங்கள். விறைப்பு குறைந்தது முதலில் உடையும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். பாதிச் சமயம் சரியாக இருக்கும். மீதியில் நல்ல விறைப்புள்ள சட்டம் ஒன்று, கீழ்ப்பக்கம் இருந்த ஒரு கணுவிலிருந்து பட்டென்று பிளந்துவிடும். விறைப்புக்கும் வலிமைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது தளர்வான தொடர்பு. விறைப்பு முழு நீளத்தின் சராசரி, வலிமை ஒரே ஓர் இடத்தின் பலவீனம். நார் சாய்ந்து ஓடுவதையும் அளக்கச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்று சாய்வு இருந்தாலே வளைவு வலிமை நேர் நாரில் இருப்பதில் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஐந்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 55.

ஈரப்பதம் எழுதாத சோதனை முடிவை நான் படிப்பதே இல்லை. சோதித்த உடனே, உடைந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு அறுத்து எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை நிற்கும்வரை காயவைத்து, மறுபடி எடைபோடுங்கள். மரநாரின் சுவர் ஈரத்தால் நிறைவடையும் 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் வளைவு வலிமை சுமார் 4 சதவீதம் குறையும். வழக்கமாக எல்லோரும் ஒப்பிடுவது 12 சதவீத ஈரத்தில். ஒரு குழு மழைநாளில் உடைத்ததையும் இன்னொரு குழு வெயில் காலத்தில் உடைத்ததையும் இந்தத் திருத்தம் இல்லாமல் ஒப்பிடவே முடியாது.

எத்தனை சட்டம் உடைக்க வேண்டும் என்பதற்கும் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கணுவே இல்லாத சின்னத் துண்டுகளில்கூட வளைவு வலிமையின் மாறுபாடு (சராசரியோடு ஒப்பிட்ட திட்ட விலக்கம்) சுமார் 16 சதவீதம் இருக்கும். கணுவோடு கூடிய நிஜச் சட்டங்களில் இன்னும் அதிகம். வடிவமைப்பில் நாம் பயன்படுத்துவது சராசரி அல்ல, நூறில் ஐந்து மட்டுமே அதற்குக் கீழே விழும் மதிப்பு. ஐந்து சட்டம் உடைத்து அந்த மதிப்பைச் சொல்ல முடியாது. பரவலின் வடிவம் பற்றி எந்த ஊகமும் இல்லாமல், உடைத்தவற்றில் மிகக் குறைந்த வலிமையையே அந்த மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று முக்கால் நம்பிக்கையோடு சொல்லவே 28 சட்டம் வேண்டும். இது வெறும் நிகழ்தகவுக் கணக்கு, மாணவர்களே கால் மணி நேரத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு குழு தனியாக இதைச் செய்ய வழியில்லை. ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே முறையில் சோதித்து ஒரே பட்டியலில் சேர்த்தால், அடுத்தடுத்த வருடங்களின் எண்களையும் அதிலேயே கூட்டிக்கொண்டே போனால், மெல்ல மெல்ல உங்களிடம் உருப்படியான தரவு சேரும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஈரம், அடர்த்தி, கணுவின் அளவும் இடமும், உடைந்த விதம் எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அப்புறம் இணைப்பு. செமஸ்டரில் நேரம் குறைந்தால் உத்திரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள். ஒற்றை ஆணியால் இணைத்த இரண்டு மரத்துண்டுகள், அவற்றை ஒன்றையொன்று சறுக்கும்படி இழுப்பது, இவ்வளவுதான் சோதனை. மெல்லிய ஆணிக்குச் சுமை ஒரு கிலோநியூட்டன் வரிசையில்தான் வரும், சாதாரண நெம்புகோல் அமைப்பே போதும். மரத் தடிமனை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 1949ல் யோஹான்சன் என்ற டேனிஷ் பொறியாளர் வகுத்த கோட்பாடு இங்கே கைகொடுக்கும்: ஆணிக்கு அடியில் மரம் நசுங்கலாம், ஆணி ஓர் இடத்தில் வளையலாம், இரண்டு இடத்தில் வளையலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம், அவற்றில் எது சிறியதோ அதுதான் இணைப்பின் தாங்குதிறன். ஐரோப்பிய மரக் கட்டமைப்பு விதிநூலான யூரோகோட் 5 இன்றும் இதன் மேல்தான் நிற்கிறது. சோதனை முடிந்ததும் துண்டை ஆணியின் ஓரமாகக் கவனமாக அறுத்துப் பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே ஆணி வளைந்திருக்கும் வடிவம் புத்தகத்தில் உள்ள படத்தோடு அப்படியே பொருந்தும். சூத்திரத்தை நம்பாத மாணவன்கூட அதைப் பார்த்த பிறகு நம்புவான்.

அடுத்து ஒரு போல்ட் இணைப்பை வேண்டுமென்றே மோசமாகச் செய்யச் சொல்லுங்கள், துளையை முனைக்கு மிக அருகில் போட்டு. ஆணி வளைந்து நீண்டு, ‘நான் போகப்போகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும். இந்த இணைப்போ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நார் வாக்கில் பிளந்துவிடும். ஏன் என்பதை ஒரு சோடி எண் சொல்லிவிடுகிறது. ஐரோப்பாவில் சாதாரணமாகப் பயன்படும் சி24 தர மரத்துக்கு நார் திசையில் இழுவிசை வலிமை 14.5 மெகாபாஸ்கல், நாருக்குக் குறுக்கே 0.4. முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். தாங்கியின் மேல் உத்திரத்தின் அடிப்பக்கத்தை வெட்டிக் குறைத்து உட்காரவைப்பது, கனமான சாமானை உத்திரத்தின் கீழ் விளிம்பில் போட்ட போல்ட்டிலிருந்து தொங்கவிடுவது, இவையெல்லாம் அந்த 0.4ஐச் சோதித்துப் பார்க்கும் வேலைகள். எஃகில் பழகிய மாணவர்கள் வடிவமைப்பில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சுவர்ச் சோதனை பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் செய்யக்கூடியதுதான். 2.4 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், மரச் சட்டகத்தின் மேல் பிளைவுட் பலகை, ஓரங்களில் 150 மில்லிமீட்டருக்கு ஓர் ஆணி, நடுச்சட்டங்களில் 300க்கு ஒன்று. இதன் தலையில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நின்ற நிலையில் தள்ளினால் சாய்ந்து விழாமல் தாங்க ஒரு தனி ஏற்பாடு தேவைப்படும். சுவரைத் தரையில் படுக்கவைத்து, உருளைகள் மேல் ஏற்றி, கிடைமட்டமாக ஒரு இரும்புச் சட்டகத்துக்குள் தள்ளுங்கள். விழும் ஆபத்து இல்லை, எல்லாப் பக்கமும் எட்டி அளக்கலாம். மேலிருந்து வரும் சுமை இல்லாததால் முடிவு கொஞ்சம் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கும், அது நமக்கு நல்லதுதான்.

மூன்று சுவர் செய்யுங்கள். முதலாவதில் அடிக்கட்டையை (சுவரின் கீழ்ச் சட்டம்), தரையின் இடத்தில் இருக்கும் தரைச் சட்டகத்தோடு சாதாரணமாக ஆணியடித்து விடுங்கள். சுவர் குறுக்காகச் சிதையும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். நடப்பது வேறு: ஒரு கால் அப்படியே தரைச் சட்டகத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும். 10 கிலோநியூட்டன் தள்ளினால், உயரம் அகலத்தைப்போல் இரு மடங்கு என்பதால், அந்தக் காலில் மேல்நோக்கிய இழுப்பு 20 கிலோநியூட்டன். இரண்டாவது சுவரில் அந்த மூலையை எஃகுப் பட்டையும் போல்ட்டும் போட்டுப் பிடித்துவையுங்கள், இப்போதுதான் பலகை ஆணிகள் வேலை செய்யத் தொடங்கும். மூன்றாவதில் ஓர ஆணிகளை 75 மில்லிமீட்டருக்கு நெருக்குங்கள். பலகை தரும் தாங்குதிறன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், ஆனால் பலவீனம் இடம் மாறி ஓரத் தூணிலோ மூலைப் பிடிப்பிலோ அடிக்கட்டை நசுங்குவதிலோ போய் நிற்கும். ஒன்றை வலுப்படுத்தினால் அடுத்தது முன்வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

நேரம் இருந்தால் இரண்டாவது வகைச் சுவரை ஒரு பக்கம் மட்டும் தள்ளாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளிப் பாருங்கள். ஆணித் துளைகள் நீண்டு, நடுவில் சுவர் எதிர்ப்பே இல்லாமல் தளர்ந்து நகரும், பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும். சுமையையும் நகர்வையும் வரைந்தால் இடுப்பு ஒடுங்கிய வளையம் வரும். நிலநடுக்கத்தில் மரச்சட்டக வீடுகள் ஆற்றலைக் கரைப்பது இந்த ஆணி வளைவுகளில்தான். ஜப்பானில் மிக்கி நகரிலுள்ள ஈ-டிஃபென்ஸ் அதிர்வு மேசையில் 2009ல் ஆறு மாடி மரச்சட்டகக் கட்டிடத்தை ஆட்டிப் பார்த்தார்கள். 2023ல் சான் டியேகோவில் தடித்த மரப் பலகைகளால் ஆன பத்து மாடிக் கனமரக் கட்டிடம் ஒன்றைச் சோதித்தார்கள். இரண்டாவதில் வழியே வேறு: சுவர்கள் அடியில் அசைந்தாடி, இறுக்கிய எஃகுக் கம்பிகளால் மறுபடி நேராக நிற்கும், வளைந்த எஃகுத் தகடுகள் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். இரண்டிலும் பொறியாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்தது, எந்த எஃகுத் துண்டு வளைய வேண்டும் என்பதைத்தான். மரம் வளைந்து காட்டாது, எஃகு காட்டும்.

இனி வீடு. 2.4 மீட்டருக்கு 2.4 மீட்டர், ஒரே அறை, மேலே ஒரு தளம். பலகைகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு ஒத்துவரும், வெட்டும் வேலை குறையும். தளத்துக்குச் சுமையாக மணல் மூட்டையோ செங்கல்லோ வேண்டாம், அவை ஒன்றோடொன்று முட்டி வளைவுபோல் நின்றுகொண்டு, நடுவில் சுமை இறங்குவதைக் குறைத்துவிடும். தண்ணீர்தான் சரி. 100 மில்லிமீட்டர் ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோநியூட்டன். குழாயில் மெதுவாக ஏற்றலாம், ஏதாவது சத்தம் கேட்டால் உடனே வடித்துவிடலாம். 1975ல் ஜெர்மனியின் மான்ஹைமில் கட்டிய மல்டிஹாலே என்ற மரவலைக் கூரையைக்கூடத் தண்ணீர் நிரப்பிய குப்பைத்தொட்டிகளைத் தொங்கவிட்டுத்தான் சோதித்தார்கள். ஒரே தொட்டியாகக் கட்டாதீர்கள். தளம் தொய்ந்தால் தண்ணீர் நடுவுக்கு ஓடி, தொய்வு இன்னும் கூடும். சின்னச் சின்னத் தொட்டிகளாகப் பிரித்து வையுங்கள், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் ஏற்றினால் அந்தச் சின்னத் தளத்தின் மேல் ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் நிற்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு நாள் அப்படியே விட்டு, மணிக்கணக்கில் தொய்வு எவ்வளவு கூடுகிறது, வடித்த பிறகு எவ்வளவு திரும்பி வருகிறது என்று குறியுங்கள்.

சரி, அப்படித் தாங்கிவிட்டால் ஆட்களை விடலாமா? அந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், கூடாது. மரத்தின் வலிமை சுமை நிற்கும் காலத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வன உற்பத்திப் பொருள் ஆய்வகத்தில் 1950களின் தொடக்கத்தில் வகுத்த வளைகோட்டின்படி, சில நிமிடச் சோதனையில் தாங்குவதில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் ஒரு மரத்துண்டு பத்து வருடம் தொடர்ந்து தாங்கும். அந்த வளைகோடு கணுவில்லாத சின்னத் துண்டுகளிலிருந்து வந்தது. நிஜச் சட்டங்களுக்கு அது எவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் நீண்ட காலச் சுமை வலிமையைத் தின்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. யூரோகோட் 5 நிரந்தரச் சுமைக்கு 0.6, குறுகிய காலச் சுமைக்கு 0.9 என்று தனித்தனிக் குணகம் வைத்திருப்பது இதனால்தான். ஒரு நாள் தண்ணீரைத் தாங்கிய தளம் ஒரு நாள் தாங்கியது, அவ்வளவே. அதிலிருந்து உடைவதற்கு எவ்வளவு மிச்சம் இருந்தது என்று தெரியாது. பருவம் மாறி ஈரம் ஏறி இறங்கும்போது தொய்வு இன்னும் கூடுவதையும் அது காட்டாது. அடுத்து கட்டும் வீட்டைப் பற்றி எதுவுமே சொல்லாது.

அப்படியானால் வீட்டுச் சோதனையால் என்ன பயன்? பெரிய தவறுகளைப் பிடிக்கும்: அடிக்க மறந்த ஆணிகள், தலைகீழாகப் பொருத்திய தாங்கி, சட்டத்தில் படாமல் காற்றில் போன ஆணிவரிசை. கணக்கிட்ட தொய்வும் அளந்த தொய்வும் ஒத்துப்போனால், வீடு நீங்கள் நினைத்த வழியில்தான் சுமையைக் கடத்துகிறது என்ற நம்பிக்கை வரும். பெரும்பாலும் அளந்தது குறைவாகவே வரும், ஏனென்றால் தளப்பலகையும் உத்திரமும் சேர்ந்து வேலை செய்வதை மாணவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். ஆட்கள் உள்ளே போக வேண்டும் என்றால் வழி வேறு: விதிநூல்படி கணக்கு, தரம் பிரித்த மரம், பொறுப்பேற்கும் பொறியாளரின் கையெழுத்து, உள்ளூர் அனுமதி. யேல் பல்கலைக்கழகக் கட்டிடக்கலை மாணவர்கள் 1967லிருந்து நிஜக் கட்டிடங்களைக் கட்டி வருகிறார்கள். அப்படிச் செய்ய ஆசையிருந்தால் அதைத் தனித் திட்டமாக வையுங்கள். சுமையேற்றிச் சோதித்த வீட்டையே குடியிருக்கக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. சோதனையே அதைக் கொஞ்சம் காயப்படுத்தியிருக்கலாம், எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பாதுகாப்பில் சில விஷயங்களுக்குச் சமாதானமே கிடையாது. உடைக்கும் சோதனையில் தொங்கும் எடை வேண்டாம், ஜாக் மட்டும். மரம் விட்டுக்கொடுத்ததும் ஜாக்கின் சுமை தானாக இறங்கிவிடும், தொங்கும் எடையோ கூடவே விழும். உத்திரத்துக்குக் கீழே, எதிர்பார்க்கும் தொய்வைவிடச் சற்று இறக்கி, தடுப்புக் கட்டைகள் வையுங்கள். கணித்த உடைசுமையில் பாதியைத் தாண்டியதும் டயல் கேஜை எடுத்துவிட்டு எல்லோரும் மறைப்புக்குப் பின்னால் போக வேண்டும். இழுவிசைப் பக்கத்திலிருந்து சிம்பு தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. தண்ணீர் ஏற்றிய தளத்துக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது, அளவுகளைக் கேமரா வைத்துப் படியுங்கள். மரத்தூள் விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. அறுக்கும் இடத்தில் தூள் உறிஞ்சியும் முகக்கவசமும் கட்டாயம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் திட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதிக சுமை தாங்கியவருக்குப் பரிசு என்றால் மாணவர்கள் நல்ல மரத்தைத் தேடி அலைவார்கள், கணக்கைத் தொட மாட்டார்கள். கணிப்புக்கு மதிப்பெண் கொடுத்தால் எடைபோடுவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், கணுவை அளப்பார்கள். அதிலும் உடையும் சுமையைக் கணிப்பதற்குக் குறைவாகக் கொடுங்கள், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். விறைப்பு 15 சதவீதத்துக்குள் வந்ததா, எங்கே உடையும், எப்படி உடையும் என்று சொன்னது நடந்ததா, நடக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு பக்கம் எழுதினார்களா, இவற்றுக்கு அதிகம் கொடுங்கள். கணிப்பு தப்பி, காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்த குழுவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மரத்தை முழுவதுமாக ஒரே தடவையில், செமஸ்டர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். நடுவே சின்னக் குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, சோதனை நடக்கப்போகும் அதே அறையில் வையுங்கள். முதல் நான்கைந்து வாரம் தட்டுச் சோதனையும் உத்திரமும், அடுத்த மூன்று வாரம் இணைப்பு, பிறகு சுவர், கடைசியில் வீடு என்று போனால் ஒரு செமஸ்டருக்குள் அடங்கும். உங்கள் பட்டறைத் தரை கான்கிரீட்டா, அதில் நங்கூர போல்ட் போட அனுமதி உண்டா, ஜாக்கைப் பொருத்த இரும்புச் சட்டகம் ஏதாவது இருக்கிறதா என்று எழுதுங்கள். சுவரைப் படுக்கவைத்துத் தள்ளும் சட்டகத்துக்கு எந்த அளவு எஃகு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.